ஒரே பெட்டியில் ஆறு இதயங்கள்: முதுகெலும்பிகளின் இதய மாதிரித் தொகுப்பு குறித்த மதிப்புரை

உடற்செயலியலின் அடிப்படைகளைக் கற்பிக்கும் எவருக்கும் இதயம் ஒரு தனிச் சிக்கல்தான். கரும்பலகையில் வரைந்தால் அது தட்டையாகி, அறைகள் நான்கு கட்டங்களாகச் சுருங்கிவிடுகின்றன. மனித இதயத்தின் மாதிரியை மட்டும் கையில் கொடுத்தாலோ, நான்கு அறைகள் எதற்காக என்ற கேள்வியே மாணவர் மனத்தில் எழுவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அருகில் வேறோர் இதயம் இல்லாததே அதற்குக் காரணம். மீன், தவளை, ஆமை, முதலை, புறா, மனிதன் ஆகிய ஆறின் இதயங்களையும் பிரித்துப் பொருத்தக்கூடிய நெகிழி மாதிரிகளாக ஒரே பெட்டியில் தரும் இந்தத் தொகுப்பை நான் வாங்கியது அந்தக் குறையைத் தீர்க்கத்தான். ஓராண்டு முழுவதும் வகுப்பில் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

ஒப்பிட்டு அறிவது இத்துறைக்கு இடையில் வந்து சேர்ந்த அலங்காரம் அன்று. இரத்தம் உடலைச் சுற்றிவருகிறது என்பதை 1628இல் நூலாக வெளியிட்ட வில்லியம் ஹார்வி, வெப்ப இரத்த விலங்குகளின் இதயத் துடிப்பு கண்ணால் பின்தொடர முடியாத வேகத்தில் நிகழ்ந்ததால், தவளை, பாம்பு, மீன் போன்றவற்றின் மெதுவான இதயங்களைப் பார்த்துத்தான் சுருங்குவது எது, விரிவது எது என்று பிரித்தறிந்தார். தமனிகளையும் சிரைகளையும் இணைக்கும், அவர் காணாது விட்ட நுண்குழாய்களை 1661இல் இத்தாலிய மருத்துவர் மால்பீகி கண்டதும் தவளையின் நுரையீரலில்தான். நரம்பு முனை வேதிப்பொருளைச் சுரந்தே இதயத்தை அடக்குகிறது என்று 1921இல் ஆட்டோ லோவி மெய்ப்பித்ததும் தவளையின் இதயத்தைக் கொண்டே. மனித இதயத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி பிற உயிர்களின் இதயங்கள் வழியாக வந்தது என்பதால், இப்படியொரு தொகுப்பை நான் மிகுந்த எதிர்பார்ப்போடுதான் திறந்தேன்.

முதலில் மனித இதயம். இது நேர்த்தியாகச் செய்யப்பட்டிருக்கிறது. கீழறைகளின் சுவர்களை அடிக்கோல் வைத்து அளந்தேன். இடப்பக்கச் சுவர் 15 மில்லிமீட்டர், வலப்பக்கச் சுவர் 5 மில்லிமீட்டர். மூன்றுக்கு ஒன்று என்ற இந்த விகிதம் உண்மையான இதயத்தோடு ஒத்துப்போகிறது. ஓய்வில் இருக்கும்போது இரண்டு கீழறைகளும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் என்ற ஒரே அளவு இரத்தத்தைத்தான் வெளியேற்றுகின்றன; ஆனால் வலக் கீழறை அருகிலுள்ள நுரையீரலுக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் அனுப்ப, இடக் கீழறை உடல் முழுவதற்கும் சுமார் 120 மில்லிமீட்டர் அழுத்தத்தில் அனுப்ப வேண்டியிருக்கிறது. சுவரின் தடிப்பு இரத்தத்தின் அளவைப் பொறுத்தது அன்று, அழுத்தத்தைப் பொறுத்தது என்பதை, சொல்லில் விளக்குவதைவிட இரண்டு சுவர்களையும் விரலிடையில் பிடித்துப் பார்க்கச் சொன்னால் மாணவர்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள். வால்வுகளைத் தாங்கும் நாண் இழைகள் உண்மையான நூலால் கட்டப்பட்டுள்ளன. வல மேலறையின் உட்சுவரில், கருவில் திறந்திருந்து பிறந்தபின் மூடிக்கொள்ளும் துளையின் தடமாக ஒரு சிறு குழியையும் செதுக்கியிருக்கிறார்கள். பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அந்தத் துளை முழுவதுமாக ஒட்டிக்கொள்வதில்லை என்பதைப் பேச அந்தக் குழி ஒன்றே போதும்.

புறாவின் இதயத்தை மனித இதயத்துக்கு அருகில் வைத்தால் இரண்டும் நான்கறை கொண்டவையாயினும், பெருந்தமனி மனிதனில் இடப்பக்கமாகவும் பறவையில் வலப்பக்கமாகவும் வளைவது தெரியும். நான்கறை அமைப்பு இந்த இரு மரபுகளிலும் தனித்தனியே தோன்றியது என்பதற்கு இதைவிட எளிய சான்றைக் கையில் தர முடியாது. மீனின் இதயமும் குறை சொல்ல முடியாதது. நான்கு பகுதிகள் வரிசையாக நிற்க, முழுவதற்கும் நீலம் தீட்டியிருக்கிறார்கள். இதயம் கடந்துபோகும் இரத்தம் முழுவதும் உடலைச் சுற்றி ஆக்சிஜனை இழந்து வந்ததே என்பதால் அது சரியான நிறம்தான்.

இத்தொகுப்பில் என் மனத்தை முழுமையாகக் கவர்ந்தது முதலையின் இதயம். ஊர்வனவற்றில் முதலைக்கு மட்டும் கீழறைகள் இரண்டும் முழுச் சுவரால் பிரிந்திருக்கின்றன. ஆனாலும் பறவைக்கும் பாலூட்டிக்கும் இல்லாத ஓர் ஏற்பாடு அதில் உண்டு. இரண்டு பெருந்தமனிகளில் ஒன்று இடக் கீழறையிலிருந்தும் மற்றொன்று, வியப்பாக, வலக் கீழறையிலிருந்தும் புறப்படுகிறது. அவற்றின் அடிப்பகுதியில் இரண்டையும் இணைக்கும் பனீட்சா துளை இருக்கிறது. பல மாதிரிகளில் இதை ஒரு கரும்புள்ளியாக வரைந்து விட்டுவிடுவார்கள் என்று எண்ணியிருந்தேன். இங்கோ அது உண்மையான துளை. மெல்லிய கம்பி ஒன்றை ஒரு தமனியின் வாயில் நுழைத்தால் அதன் முனை அடுத்த தமனிக்குள் எட்டிப்பார்க்கிறது. மூச்சை அடக்கி நீருக்குள் கிடக்கும் நேரத்தில், பயன்தராத நுரையீரலுக்குச் செல்ல வேண்டிய இரத்தத்தின் ஒரு பகுதியை உடலுக்கே திருப்பிவிடும் வாய்ப்பு முதலைக்கு உண்டு என்பதை அந்தக் கம்பியைக் கொண்டே விளக்கினேன். பெட்டிக்குக் கொடுத்த பணத்துக்கு இந்த ஒரு மாதிரியே ஈடாகும் என்பது என் கருத்து.

தவளையின் இதயத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அதன் ஒற்றைக் கீழறையைத் திறந்தால் வலப்பாதி நீலமாகவும் இடப்பாதி சிவப்பாகவும், நடுவில் கத்தியால் கீறியது போன்ற நேர்கோட்டோடும் இருக்கிறது. முதல் வகுப்பிலேயே ஒரு மாணவி, “சார், இந்தக் கோடுதான் சுவரா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் பிழை இல்லை. பிழை சாயத்தில் இருக்கிறது. தவளையின் கீழறையில் சுவர் கிடையாது. உட்புறம் பஞ்சு போன்ற தசைப் புடைப்புகளும், வெளியேறும் குழாயிலுள்ள சுருள் வால்வும் சேர்ந்து இருவகை இரத்தத்தையும் ஓரளவே பிரித்து வைக்கின்றன. மேலும் தவளை தோலாலும் சுவாசிக்கிறது. தோலில் ஆக்சிஜன் ஏற்ற இரத்தம் உடலிலிருந்து வரும் சிரைகளோடு கலந்து வல மேலறைக்கே வந்து சேர்கிறது. எனவே அந்த அறைக்குச் சுத்தமான நீலம் தீட்டியதும் பொருந்தாது. நுண்மையான ஒரு செய்தியை எளிமையாக்கப் போய், செய்தியையே மாற்றிவிட்டார்கள்.

கையேடு இந்தப் பிழையை இன்னும் வளர்க்கிறது. மீனிலிருந்து மனிதன் வரை ஏணிப்படி போல அடுக்கி, தவளையினதையும் ஆமையினதையும் ‘முழுமை பெறாத இதயம்’ என்று எழுதியிருக்கிறார்கள். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். குளத்தின் அடியில் நெடுநேரம் மூச்சின்றிக் கிடக்கும் உயிருக்கு, நம்முடையது போன்ற நான்கறை இதயம் உதவியாக அல்ல, தடையாகவே இருக்கக்கூடும். நம் இதயத்தில் ஒவ்வொரு சுற்றிலும் முழு இரத்தமும் நுரையீரல் வழியாகச் சென்றே தீர வேண்டும், மாற்று வழி இல்லை. தவளையோ நுரையீரலைத் தவிர்த்துத் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்ப முடியும். சுவாசிக்கும் முறைக்கேற்ப அமைந்த இதயத்தைக் குறைபாடு என்று பெயரிட்டுவிட்டால், ஒப்பீட்டு உயிரியல் மாணவருக்குக் கற்றுத்தர வேண்டிய முதல் பாடமே கைநழுவிப் போகிறது.

வேறு இரண்டு விடுபடுதல்களையும் சொல்ல வேண்டும். ஆறு இதயங்களும் ஏறத்தாழ ஒரே பருமனில் இருந்தும், உண்மை அளவு பற்றிய குறிப்பு எங்கும் இல்லை. உடல் எடையில் இதயத்தின் பங்கு மீன்களில் 0.2 விழுக்காடு, பாலூட்டிகளில் 0.6, பறவைகளில் 0.8 என்ற அளவில் இருப்பதை ஒரு வரியில் எழுதியிருந்தால், பறப்பதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது தானாக விளங்கியிருக்கும். மற்றொன்று, துடிப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்பது. மீனிலும் தவளையிலும் துடிப்பைத் தொடங்கும் சிரைப் பை தனிப் பகுதியாகவே நிற்கிறது. மனிதனில் அது வல மேலறையின் சுவருக்குள் அடங்கி, இதய முடுக்கியாக எஞ்சியிருக்கிறது. ஆறு மாதிரிகளிலும் ஒரு மஞ்சள் பொட்டு வைத்திருந்தால் இந்தத் தொடர்பு கண்முன் வந்திருக்கும். சிரைப் பையைச் செய்திருக்கிறார்கள், ஆனால் அது என்ன செய்கிறது என்று எங்கும் சொல்லவில்லை.

பொருளின் உழைப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சாயம் உதிரவில்லை, இணைப்புகள் தளரவில்லை. ஆமையின் கீழறையை மூடும் காந்தம் மட்டும் ஐந்தாம் மாதத்தில் கழன்று விழுந்தது. விற்றவர்களுக்கு எழுதியபோது மாற்றுக் காந்தத்தை அனுப்பி வைத்தார்கள். தவளையின் சாயம் குறித்து அதே கடிதத்தில் நான் எழுதியதற்கு மட்டும் பதில் வரவில்லை.

பள்ளி மேல்வகுப்பு, கல்லூரி முதலாண்டு ஆசிரியர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் கையேட்டை மாணவர் கையில் கொடுக்க வேண்டாம். தவளையின் கீழறையை நானே உப்புத்தாளால் தேய்த்து அந்தக் கோட்டை அழித்துவிட்டு, இடப்புறம் சிவப்பு மிகுந்தும் வலப்புறம் நீலம் மிகுந்தும், நடுவில் எல்லை தெரியாமல் கலக்கும்படியும் ஊதா நிறத்தில் மீண்டும் தீட்டினேன். இந்த ஆண்டு வகுப்பில் யாரும் சுவரைத் தேடவில்லை. இரத்தம் ஏன் முழுவதும் கலந்துவிடவில்லை என்றுதான் கேட்டார்கள்.