ராட்டினத்துக்கு முன்னால் ஒரு கயிறு

ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளையோடு வேலூர்ப் பக்கம் வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோயில், கோட்டை எல்லாம் சமாளித்துவிடலாம். பொருட்காட்சிதான் சோதனை.

எங்கள் மகனுக்கு ஆறு வயது. ஓடுவான், ஏறுவான், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. நின்ற இடத்தில் நிற்பது மட்டும் அவனால் ஆகாது. நாங்கள் வசிக்கும் ஃப்ளோரிடாவில், டிஸ்னி பூங்காக்களில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. காணொளி அழைப்பில் பிள்ளையின் நிலையைச் சொல்லிப் பதிந்துவிட்டால், சவாரிக்கு இத்தனை மணிக்கு வாருங்கள் என்று நேரம் தருவார்கள். காத்திருப்பு குறையாது, அதை வரிசைக்கு வெளியே கழிக்கலாம், அவ்வளவுதான்.

ஊர்ப் பொருட்காட்சியில் வரிசையே கிடையாது. ஒரு கயிறு, அதற்கு இந்தப் பக்கம் கூட்டம். ஒலிபெருக்கிக்கு ஒரு பாட்டு, போதாததற்கு ஜெனரேட்டர். சத்தம் தாங்காமல் மகன் காதுறை மாட்டியிருந்தான். "பாட்டா கேட்கிறாய், கண்ணு?" என்று ஓர் அம்மாள் ஆசையாக அதை விலக்கிப் பார்க்க, அவன் அலறிவிட்டான். பதறிப்போனவர், கையிலிருந்த டெல்லி அப்பளத்தில் பாதியை உடைத்து அவனிடம் நீட்டினார். மிளகாய்த்தூள் தூவிய அப்பளம்!

கயிற்றைப் பிடித்திருந்த இளைஞரிடம் என் மனைவி விஷயத்தைச் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. உரக்கச் சொன்னாள், எல்லோருக்கும் கேட்டது. "பையன் நன்றாகத்தானே இருக்கிறான்" என்றார் பின்னாலிருந்த ஒருவர். இளைஞர் மறுபேச்சில்லாமல் கயிற்றைத் தூக்கி, "வாங்க அக்கா" என்றார். அடுத்த ராட்டினத்தில் வேறோர் ஆள், மறுபடி முதலிலிருந்து கதை. இரக்கத்துக்குப் பஞ்சமில்லை. அதைப் பெறுவதற்குப் பிள்ளையின் நிலையை ஊரறியக் கூவ வேண்டியிருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. ஆனால் சட்டம் கயிறு வரை வந்து சேரவில்லை.

ஸ்ரீபுரம் பொற்கோயில் நேர்மாறு. நட்சத்திர வடிவப் பாதை ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். என் அம்மா வழியெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார், மகனுக்கோ கொண்டாட்டம். நகர்ந்துகொண்டே இருந்தால் அவனுக்கு அது வரிசையே அல்ல. செல்போனுக்கு அனுமதியில்லை என்பதால் கையில் வைத்துக்கொள்ள ஏதாவது விளையாட்டுப் பொருள் எடுத்துச் செல்லுங்கள். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு வாரநாள் காலையில் போனோம். கல்யாண மண்டபத்து யாளிகளை அவன் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தான், யாரும் அவசரப்படுத்தவில்லை.

பொருட்காட்சிக்குப் போவதானால் திறந்தவுடன், விளக்குப் போடுவதற்கு முன்பே போய்விடுங்கள். இருட்டிய பிறகு கூட்டம் தாங்காது.

கிளம்பும்போது என் மைத்துனர் ராட்டினக் குத்தகைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு துண்டுச் சீட்டில் நேரம் எழுதித் தரக்கூடாதா என்று கேட்டார். "ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களே சார்" என்றார் அவர். சிரிப்பு வந்தது. 2024இல் டிஸ்னி தன் விதிகளை இறுக்கியபோது சொன்ன காரணமும் கிட்டத்தட்ட இதுதான்.