டப்ளின் போகிற பெங்களூரு ஆட்களுக்கு: டேலிமவுண்ட் பார்க் டிக்கெட், கொடுக்கிற காசுக்கு ஏற்றதா?

ஆன்சைட் வேலையாக டப்ளின் போகிற நம்ம பெங்களூரு தமிழ் ஆட்களில் ஃபுட்பால் பைத்தியங்கள் நிறைய. சனி ஞாயிறு வந்தால் லிவர்பூலுக்கோ மான்செஸ்டருக்கோ ஃப்ளைட் தேடுகிறார்கள். தேடட்டும். அதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபிப்ஸ்பரோவில் இருக்கும் டேலிமவுண்ட் பார்க்குக்குப் போய், போஹீமியன்ஸ் என்கிற டப்ளின் கிளப் விளையாடுவதைப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விலை. அயர்லாந்து லீக்கில் பெரியவர்களுக்கான டிக்கெட் பொதுவாக 15 யூரோவிலிருந்து 20 யூரோவுக்குள் இருக்கும், நம்ம காசில் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்டீரவா ஸ்டேடியத்தில் சில நூறு ரூபாய்க்கு ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பார்த்துப் பழகினவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும், ஆனால் டப்ளினில் ஒரு வேளை வெளியே சாப்பிட்டாலே அந்தக் காசு போய்விடும், அதனால் ரூபாயில் மாற்றிப் பார்ப்பதை விமானம் ஏறும்போதே விட்டுவிடுவது நல்லது.

மைதானம் பழசு, ரொம்பவே பழசு. 1950களில் அயர்லாந்து தேசிய அணி ஆடும்போது நாற்பதாயிரம் பேருக்கு மேல் நின்ற இடம், 1980-ல் பாப் மார்லி பாடிய இடம், இன்று பாதுகாப்புக் காரணங்களால் சில பகுதிகளைத் திறப்பதே இல்லை, சில ஆயிரம் பேர்தான் உள்ளே போக முடியும். சுற்றிலும் வீடுகள், நடுவில் பச்சைப் புல், நாலு மூலையிலும் உயரமான பழைய விளக்குக் கம்பங்கள். ஆட்டக்காரன் பக்கத்தில் இருப்பவனைத் திட்டுவது வரைக்கும் காதில் விழும். அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் சூப்பர் டிவிஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கும், கௌதமபுரத்தில் பீலே சிலையைத் தாண்டி ஸ்கூலுக்குப் போனவர்களுக்கும் அந்த நெருக்கம் உடனே பிடித்துவிடும். சொகுசு வேண்டும் என்றால் டாலா பக்கம் இன்னொரு டப்ளின் கிளப்பான ஷாம்ராக் ரோவர்ஸ் ஆடும் ஸ்டேடியத்துக்குப் போங்கள், 2009-ல் திறந்தது, சவுத் டப்ளின் கவுண்டி கவுன்சிலுடையது, நாலு பக்கமும் ஸ்டாண்ட் இருக்கிறது.

சரி, நான் சொல்ல வந்தது அந்த 15 யூரோ எங்கே போகிறது என்பது. அயர்லாந்து லீக்கின் மேல் பிரிவான பிரீமியர் டிவிஷனில் 10 கிளப், ஒவ்வொன்றுக்கும் 36 ஆட்டம், அதில் சொந்த ஊரில் 18. ஒரு ராத்திரிக்கு 4,000 பேர் வருகிறார்கள், பிள்ளைகளுக்கும் மாணவர்களுக்கும் கொடுக்கும் சலுகையெல்லாம் சேர்த்துச் சராசரி டிக்கெட் 12 யூரோ என்று வைத்துக்கொண்டால், ஒரு ஆட்டத்துக்கு 48,000 யூரோ, வருடத்துக்கு 8,64,000. நம்ம கணக்கில் எட்டரைக் கோடிக்கு மேல். கேட்க நிறைய மாதிரி இருக்கும், ஆனால் ஐரோப்பிய நாட்டுச் சம்பளத்தில் இருபது இருபத்தைந்து ஆட்டக்காரர்கள், கோச், பிசியோ, இளையோர் அணிகள், போலீஸ், காப்பீடு எல்லாவற்றையும் இதிலிருந்து பார்க்க வேண்டும். டிவி உரிமையில் வரும் பணம் இங்கிலாந்து மாதிரி கொட்டுவதில்லை. ஆகவே வாசலில் வசூலாகும் காசுதான் அடுப்பு எரிய வைக்கிறது.

இதோடு மற்ற வருமானங்களை வைத்துப் பாருங்கள். 2009-ல் ஸ்லைகோ ரோவர்ஸிலிருந்து சீமஸ் கோல்மன் என்கிற ஆட்டக்காரரை இங்கிலாந்தின் எவர்ட்டன் வாங்கியது வெறும் 60,000 பவுண்டுக்கு, நான் போட்ட கணக்கில் ஒன்றரை ஆட்டத்து வசூல்கூட இல்லை. பிரெக்சிட்டுக்கு அப்புறம் 18 வயது ஆகாத பையன்கள் இங்கிலாந்து கிளப்புக்குப் போக முடியாது என்று ஆனதும் நிலைமை மாறியது, பையன் கூடுதலாக இரண்டு வருடம் இங்கேயே ஆடுகிறான், விலையும் ஏறுகிறது. செயின்ட் பேட்ரிக்ஸ் அத்லெட்டிக்கிலிருந்து மேசன் மீலியாவை டாட்டன்ஹாம் எடுக்கப்போவதாக 2025-ல் அறிவித்தபோது பேசப்பட்ட தொகை 19 லட்சம் யூரோ. இரண்டு வருட டிக்கெட் காசு ஒரே பையனில்! ஐரோப்பா இன்னும் பெரிய பரிசு: ஐரோப்பியக் கிளப்கள் மோதும் கான்ஃபரன்ஸ் லீக்கின் முக்கியக் கட்டத்துக்குள் நுழைந்தாலே 30 லட்சம் யூரோவுக்கு மேல். 2025-ல் ஷாம்ராக் ரோவர்ஸும் ஷெல்போர்னும் ஒரே சீசனில் அங்கே போய்ச் சேர்ந்தன.

ஆனால் அந்தப் பரிசை நம்பி முன்கூட்டியே செலவு செய்தவர்கள் கதை என்ன ஆனது என்று பாருங்கள். ஷெல்போர்ன் 2006-ல் சாம்பியன், பணம் தீர்ந்து அடுத்த சீசனில் கீழ் டிவிஷனில். ட்ரோஹெடா 2007-ல் சாம்பியன், 2008-ல் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு. ஸ்போர்ட்டிங் ஃபிங்கல் 2009-ல் கோப்பை வென்றது, 2011-ல் கிளப்பே இல்லை. டண்டால்க் 2014-க்கும் 2019-க்கும் இடையில் ஐந்து முறை லீக் வென்றது, ஐரோப்பாவில் பெயர் எடுத்தது, கை மாறிக் கை மாறி 2024-ல் மூடிவிடுவார்களோ என்கிற நிலைக்கு வந்து அந்த வருடமே கீழே இறங்கியது. போஹீமியன்ஸும் தப்பவில்லை, மைதானத்தை வைத்து நில வியாபாரத்தை நம்பிக் கடனில் மூழ்கியது, கடைசியில் 2015-ல் டப்ளின் நகரசபை 38 லட்சம் யூரோவுக்கு டேலிமவுண்டை வாங்கியதால்தான் இன்றும் அங்கே ஆடுகிறார்கள்.

அதிலிருந்து எழுந்து வந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. போஹீமியன்ஸுக்கு முதலாளி கிடையாது. 1890-ல் தொடங்கியதிலிருந்து உறுப்பினர்களின் கிளப், நிர்வாகத்தை அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அகதிகளை வரவேற்கும் வாசகத்தோடு 2020-ல் ஒரு ஜெர்சி, அப்புறம் பாப் மார்லி ஜெர்சி என்று உலகம் முழுக்க விற்றுக் காசு சேர்த்தார்கள். கார்க் சிட்டியில் இன்னும் கடினமான கதை: 2010-ல் கிளப்பை நடத்திய கம்பெனியே கலைக்கப்பட்டது, ரசிகர்களின் அறக்கட்டளை கையில் எடுத்துக் கீழ் டிவிஷனிலிருந்து தொடங்கி, 2017-ல் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றது.

பெங்களூருக்காரனாக இதை நான் சும்மா சொல்லவில்லை. 2025 ஆகஸ்ட்டில், ஐ.எஸ்.எல். நடக்குமா நடக்காதா என்றே தெரியாத நிலையில், பெங்களூரு எஃப்.சி. முதல் அணி வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. கன்டீரவாவில் ரசிகர்கள் கூடும் வெஸ்ட் பிளாக்கில் வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தினவர்களுக்கு அந்த நாளில் ஒரு ஓட்டுகூடக் கிடையாது. பெரிய முதலாளி நல்ல மனதோடு பணம் போடலாம், நல்ல மைதானமும் அகாடமியும் தரலாம், ஆனால் அவர் யோசிக்க ஆரம்பித்தால் நாம் செய்தித்தாளில்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். டேலிமவுண்டில் எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் டிக்கெட் விலையைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார், ஆனால் அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்பேன் என்றார். அந்த உரிமை நமக்கும் வேண்டும்.

மார்க் கேட்டால் ஐந்துக்கு நாலு. ஒரு மார்க்கைக் குறைப்பது விலை ஏறும் போக்குக்காக. இடம் குறைவு, கூட்டம் அதிகம், அப்போது விலையை ஏற்று என்று யாருக்கும் தோன்றும். சராசரியில் 2 யூரோ ஏற்றினால் என் கணக்குப்படி வருடத்துக்கு 1,44,000 யூரோ கூடுதலாக வரும், சில ஆட்டக்காரர்களின் சம்பளம் அது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று வரும் குடும்பம் மாதத்தில் ஒரு ஆட்டத்தை விட்டுவிடும். பெரியவர்களிடம் கூடுதலாக வாங்குங்கள், பிள்ளைகள் டிக்கெட்டைத் தொடாதீர்கள் என்பது என் கட்சி. 2025 பிப்ரவரியில் டப்ளினின் பெரிய மைதானமான அவீவா ஸ்டேடியத்தில் போஹீமியன்ஸ் - ஷாம்ராக் ரோவர்ஸ் ஆட்டத்துக்கு 33,208 பேர் வந்தார்கள், லீக்கிலேயே அதுவரை வராத கூட்டம். பசி இருக்கிறது, பரிமாறத்தான் இடம் இல்லை. டேலிமவுண்டை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் வருடக்கணக்காக இழுத்துக்கொண்டு போகிறது.

போகிறவர்களுக்கு: சீசன் பிப்ரவரியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, டிசம்பர், ஜனவரியில் போனால் ஆட்டம் இருக்காது. பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, ராத்திரி 7.45. டிக்கெட்டை ஆன்லைனில் முன்னாடியே எடுத்துவிடுங்கள், வாசலில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், ஷாம்ராக் ரோவர்ஸ் ஆட்டம் என்றால் சுத்தமாக மறந்துவிடலாம். பச்சை லைன் லுவாஸ் டிராமில் ஃபிப்ஸ்பரோவில் இறங்கி நடந்தால் போதும். மழைக்கு ஜாக்கெட் கட்டாயம். உள்ளே போனதும் கிளப் கடையில் ஜெர்சி பாருங்கள், அந்தக் காசும் கிளப்புக்குத்தான் போகிறது.