கழற்றிப் பார்த்தால்தான் தெரியும் என்கிற பட்டறை: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் கவனத்திற்கு

சீரமைப்பதா, விற்பதா என்று முடிவெடுக்குமுன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை மதிப்பீட்டுக்காகப் பட்டறையில் விடுவோர், கழற்றிப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்ற பேச்சுக்கு இணங்க வேண்டாம். என் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு நேர்ந்தது இதுதான்.

1989 முதல் 1997 வரை தயாரான அந்த மாடலின் பலவீனம் பலரும் அறிந்ததே. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள வடிகுழாய்கள் வழியே கீழே இறங்க வேண்டும். அவை தூசியாலும் சருகாலும் அடைபட்டால், நீர் கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சில் பகுதிக்குள் தேங்கி, வெளியே பெயின்ட் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து துரு அரிக்கும். தனிச் சேசிஸும் நிலையான கூரையும் இல்லாத காரில் பாரத்தின் பெரும்பங்கைத் தாங்குவது அந்தச் சில்தான் என்பதால், அதன் நிலை தெரியாமல் சீரமைப்புச் செலவைக் கணக்கிட முடியாது.

அதைப் பார்த்துச் சொல்லவே காரைப் பட்டறைக்கு நானே ஓட்டிச் சென்று விட்டேன். அடுத்த முறை போனபோது எஞ்சின், இருக்கைகள், டேஷ்போர்டு, முன் ஃபெண்டர்கள் எல்லாம் கழற்றப்பட்டு, போல்ட்டுகள் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தன. எழுத்திலோ வாய்மொழியிலோ என் ஒப்புதல் கேட்கப்படவில்லை. பிறகு வந்த மதிப்பீடு, நன்றாக ஓடும் அதே மாடலின் சந்தை விலையையே தாண்டியது. அப்படியானால் விற்றுவிடுகிறேன் என்றதும், "பிரிச்சுக் கிடக்கிற வண்டிய யாருங்க வாங்குவா? நானே எடுத்துக்கறேன்" என்று பழைய இரும்பு விலையைச் சொன்னார் பட்டறை முதலாளி. ஓடுகிற கார் கைவசம் இருக்கும்வரை சீரமைப்பது, விற்பது என்ற இரண்டு வழிகளும் கார் வைத்திருப்பவருக்குத் திறந்திருக்கும். பிரித்துப் போட்ட பிறகு விலை சொல்வது பட்டறைக்காரர்தான். கழற்றியதற்கான கூலியையும் என்னிடமே வாங்கினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காரை ஏற்றிச் சென்று வேறொரு டிங்கரிடம் காட்டியபோது மீதிக் கதை வெளிப்பட்டது. தொழிற்சாலைப் பெயின்டின் தடிமன் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். பின்பக்கச் சில்லில் பெயின்ட் தடிமன் அளவுமானி ஆயிரத்தைத் தாண்டியது. முதல் பட்டறை "வெல்டிங்" என்று பில் போட்ட இடத்தில் துருவை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே பட்டி பார்த்து, கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். காரோடு வந்த அலாய் வீல்களுக்குப் பதில் வேறு வீல்கள் மாட்டப்பட்டிருந்தன. கேட்டதற்கு, வரும்போதே அப்படித்தான் இருந்தது என்றார்கள்.

முதல்கட்ட மதிப்பீட்டுக்கு இவ்வளவு பிரிக்கவே தேவையில்லை. சில்லின் உட்புறத்தை வடிகால் துளைகள் வழியே சிறு கேமராவை நுழைத்துப் பார்க்கலாம். எஞ்சினின் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை, ஸ்பார்க் பிளக்குகளை மட்டும் கழற்றி அளந்துவிடலாம். ஜாக்கியில் தூக்கும்போது கதவு இடைவெளி மாறினால் உடல் வலுவிழந்திருப்பதாகச் சந்தேகிக்கலாம். இவற்றைச் செய்பவர் காரை வாங்கும் ஆர்வம் இல்லாதவராக இருக்கட்டும். விடுமுன் எஞ்சின் எண், சேசிஸ் எண், வீல்கள், உட்புறம் ஆகியவற்றைப் படமெடுத்து, என் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி எதையும் கழற்றக் கூடாது என்ற வரியோடு வேலைச்சீட்டில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வரியை எழுதத் தயங்குகிற பட்டறையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.