யூவெர்ஷன் பைபிள் ஆப்: அதிகாலைத் தியானத்துக்கு எவ்வளவு கைகொடுக்கிறது?

தினமும் தேவனோடு தனித்திருக்க ஒரு போன் ஆப் உதவுமா? உதவும். ஆனால் இறக்கிய கையோடு அப்படியே விட்டுவிட்டால், வேதம் வாசிப்பதைவிட ஆப்பைத் திறந்து மூடுவதே பழக்கமாகிவிடும். யூவெர்ஷனில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை அணைக்க வேண்டும் என்று பார்ப்போம்.

இதை நடத்துவது அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் இருக்கும் லைஃப் சர்ச் என்ற சபை. ஐபோனுக்கு ஆப் ஸ்டோர் திறந்த 2008 ஜூலையிலேயே வந்த ஆப் இது. காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. ஜெபத்துக்குக் கண் மூடப்போகும் நேரத்தில் விளம்பரம் வந்து நிற்காது என்பது சின்ன விஷயமே இல்லை.

முதலில் மொழிபெயர்ப்பு. வாசிக்கும் பக்கத்தில் அதிகாரத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சுருக்கெழுத்தைத் தொட்டால் பட்டியல் வரும். மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். நம் சபைகளில் காதில் விழுந்து ஊறிய ஓ.வி. (ஓல்ட் வெர்ஷன், பழைய மொழிபெயர்ப்பு) இருக்கிறது. 1871-இல் வெளிவந்த, மிஷனரி ஹென்றி பவர் ஐயரின் வேதத் திருத்தப் பதிப்பின் வழிவந்த தமிழ் அது. ஐ.ஆர்.வி. (இந்தியன் ரிவைஸ்டு வெர்ஷன்) என்பது அதே தடத்தில் போய், சேர்த்து எழுதிய சொற்களைப் பிரித்து, இன்றைய வாசகருக்கு இலகுவாக்கிய பதிப்பு. சமகாலத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. மனப்பாடம் செய்யவும் வாய்விட்டு வாசிக்கவும் ஓ.வி.யை விட்டால் வேறில்லை. அதன் ஓசை நாவில் நிற்கும். பொருள் தட்டும் இடத்தில் மட்டும் மற்றதைப் பாருங்கள். வசனத்தைத் தொட்டால் கீழே வரும் வரிசையில் ஒப்பிடும் வசதி இருக்கிறது. இரண்டு பதிப்பு போதும். ஐந்தை வைத்துக்கொண்டால் தியானம் மொழிபெயர்ப்பு ஆராய்ச்சியாகிவிடும். பதிவிறக்கும் குறி உள்ள பதிப்பைப் போனிலேயே இறக்கி வைத்துவிடலாம். எல்லாப் பதிப்புக்கும் அந்தக் குறி இருக்காது, அது வெளியீட்டாளர் தரும் அனுமதியைப் பொறுத்தது.

அன்றன்றைக்கு வரும் 'இன்றைய வசனம்' பலருக்கும் பிடித்த பகுதி. அதில்தான் பெரிய பள்ளமும் இருக்கிறது. புலம்பல் 3:23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "அவைகள் காலைதோறும் புதியவைகள்." சூரியோதயப் படத்தின்மேல் இந்த வரி வந்தால் அழகாக இருக்கும், உடனே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போய்விடும். ஆனால் அந்த அதிகாரம் எருசலேம் எரிந்து விழுந்த காலத்தின் ஒப்பாரி. நான்கு வசனம் மேலே போனால் "எட்டியும் பிச்சுமாகிய என் சிறுமையையும் என் தவிப்பையும் நினைத்தருளும்" என்று கெஞ்சுகிறான் ஒருவன். எட்டி நமக்குத் தெரியும். காயைக் கடித்தால் உயிரே போகும். பிச்சு என்ற சொல்தான் பலருக்குத் தட்டும். அந்த வசனத்தைத் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்தால் கசப்பு என்ற பொருள் பிடிபடும். அந்தக் கசப்பு தொண்டையில் இருக்கும்போதுதான் அவன் இரக்கங்களைப் பற்றிப் பேசுகிறான். படத்தைப் பகிர்ந்துவிட்டு நகர்ந்தவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது. அதனால் அன்றைய வசனத்தை வாசலாக மட்டும் வைத்துக்கொண்டு, அதைத் தொட்டு முழு அதிகாரத்துக்கும் போங்கள். இந்த அதிகாரத்தில் 66 வசனம். நிதானமாக வாசித்தாலும் பத்து நிமிடத்துக்குள் முடியும்.

அடுத்து வாசிப்புத் திட்டங்கள். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழில் எண்ணிக்கை குறைவு. மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் தியானங்கள் பலவும் மொழிபெயர்த்தவை. சில இடங்களில் தமிழ் கரடுமுரடாக ஓடும். அவற்றைவிட வேதத்தை நேராக வாசிக்கும் திட்டங்களே நல்லது. அதிலும் கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். வருடத்துக்குள் முடிக்க நாளொன்றுக்கு மூன்றேகால். ஜனவரி 1-ஆம் தேதி ஆதியாகமத்தில் தொடங்குபவர் 23-ஆம் தேதி வாக்கில் யாத்திராகமம் 25-க்கு வருவார். அங்கே ஆசரிப்புக்கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தின் முழக்கணக்கு, பலகை, கொக்கி, திரை. மாதக் கடைசியில் பலிமுறைகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமம். பலரும் நிற்பது இங்கேதான். பக்திக் குறைவு காரணமில்லை; புதிதாக வாசிப்பவருக்கு வழிகாட்டாமல் மூன்று அதிகாரத்தை ஒரே மூச்சில் கொடுத்ததுதான் காரணம்.

தொடங்குபவர்களுக்குப் பொருந்தும் கணக்கு வேறு. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். விட்டுப்போனதை எடுக்க வாரம் இரண்டு நாள் மிச்சம். கூடவே நாளுக்கு ஒரு சங்கீதம், 119 மட்டும் 176 வசனம் என்பதால் அதை எட்டெட்டு வசனமாக 22 நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். மூலமொழியான எபிரெயத்திலும் அது எட்டெட்டாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது.

நாள் தவறினால் திட்டத்தின் அமைப்புகளுக்குள் போய், விட்ட இடத்திலிருந்து தேதிகளை நகர்த்தும் வசதியைத் தொடுங்கள். நான்கு நாள் பாக்கியை ஞாயிறு மதியம் உட்கார்ந்து ஓட்டாதீர்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் வானத்திலிருந்து வந்த மன்னா என்ற உணவை ஆளுக்கு ஒரு ஓமர் அளவு என்று அன்றன்றைக்குத்தான் சேர்த்தார்கள். சிலர் மறுநாளுக்கு வைத்தது புழுத்து நாறிப்போனது.

இந்த ஆப்பில் பிடிக்காத ஒன்று, தொடர்ந்து எத்தனை நாள் வந்தீர்கள் என்று காட்டும் எண்ணிக்கை. ஆப்பைத் திறந்தாலே அது ஏறும். வாசித்தீர்களா, ஜெபித்தீர்களா என்று அதற்குத் தெரியாது. காய்ச்சலில் படுத்த ஒரு நாளில் எண் அறுந்தால் மனம் விட்டுப்போகும். அறுந்துவிடக் கூடாதே என்று இரவு பதினொன்றரைக்குத் திறந்து மூடுவதும் நடக்கும். அந்த எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள். அறிவிப்புகளில் காலை நினைவூட்டல் ஒன்றை மட்டும் வைத்து, மீதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

நேரத்துக்கு வருவோம். நினைவூட்டலை எழும் நேரத்துக்கு வைக்காமல், எழுந்து முகம் கழுவி உட்காரும் நேரத்துக்கு வையுங்கள். 5 மணிக்கு அலாரம் என்றால் 5.15. இரவே அன்றைய அதிகாரத்தைத் திறந்து, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுப் படுங்கள். இறக்கிய பதிப்பு நெட் இல்லாமலே ஓடும். குடும்ப குரூப்பின் குட்மார்னிங் குறுக்கே வராது. எழுத்தின் அளவைக் கூட்டி, ஒரு வரிக்கு நான்கைந்து சொல் மட்டும் நிற்கும்படி வையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பொடி எழுத்தில் கண் ஓடுமே தவிர வாசிக்காது.

அரைமணி நேரம் இருந்தால்: மூன்று நிமிடம் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருங்கள். சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். அன்றைய அதிகாரத்தை ஒரு முறை வேகமாக, மறுமுறை மெதுவாக. இரண்டாம் முறை எங்கே மனம் நின்றதோ அந்த வசனத்தில் மட்டும் வண்ணம் தீட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றுதான். பத்து வசனம் மஞ்சளானால் அடுத்த முறை எதுவும் கண்ணில் படாது. பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீதி நேரம் முழுவதும் ஜெபம். வாசிப்பே இருபத்தெட்டு நிமிடத்தைத் தின்றுவிட்டு ஜெபத்துக்கு இரண்டு நிமிடம் மிஞ்சினால், அன்று பேசியது ஒரு தரப்பு மட்டும்தான்.

குறிப்பெழுதும் வசதியும் ஜெபக் குறிப்புப் பட்டியலும் ஆப்பிலேயே உண்டு. கணக்கு தொடங்கினால் போன் மாறினாலும் அழியாது. ஆனாலும் தியானக் குறிப்புக்கு ஒரு நோட்டே மேல். தேதி, வசனம், அந்த வசனம் இன்று என்ன செய்யச் சொல்கிறது என்று மூன்று வரி. ஜெபப் பட்டியலை ஆப்பில் வைக்கலாம்; நாளுக்கு ஆறேழு பெயர் என்று வாரத்துக்குப் பிரித்தால்தான் ஒவ்வொருவரையும் நினைத்து ஜெபிக்க முடியும்.

வீட்டில் கண் மங்கிய பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அவர்களுக்காகவே இதை இறக்கலாம். ஒலிபெருக்கிக் குறி உள்ள பதிப்பைத் தேர்ந்தெடுத்து, வேகத்தைச் சற்றுக் குறைத்து, அதிகாரத்தை ஓடவிடுங்கள். இரவில் கேட்பவர்களுக்குத் தானாக நிற்கும் டைமரையும் வைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் அவர்கள் உறங்கிய பிறகும் அது பல அதிகாரம் ஓடியிருக்கும். விட்ட இடத்தைக் காலையில் அவர்களால் தேடிப் பிடிக்க முடியாது.