தண்ணீரா, பச்சைக் கூலன்ட்டா, லாங் லைஃபா? மலையேறும் பழைய வண்டிக்கு எது சரி

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய ஜீப்போ ஆம்னியோ அம்பாசடரோ வைத்திருப்பவர்களிடம் ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்டால் மூன்று கட்சி தேறும். வெறும் தண்ணீர் போதும் என்பவர்கள், ஆட்டோ ஸ்டோரில் கிடைக்கும் பழைய பாணிப் பச்சைக் கூலன்ட்டை (இன்ஜின் சூட்டைச் சுமக்கும் திரவம்) விடாதவர்கள், காசு போனாலும் பரவாயில்லை என்று ஐந்து வருடம் தாங்கும் சிவப்பு லாங் லைஃப் கூலன்ட் ஊற்றுபவர்கள்.

தண்ணீர் கட்சியை லேசாகத் தள்ளிவிட முடியாது. சூட்டைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச எந்தக் கூலன்ட்டாலும் ஆகாது. கூலன்ட்டின் மூலப்பொருளான கிளைக்கால் கலக்கக் கலக்க அந்தத் திறன் குறையத்தான் செய்யும். "நம்ம ஓடைத் தண்ணியில உப்பு இல்ல, கீழ கோயமுத்தூர் போர் தண்ணி மாதிரி படியாது சார்" என்று பட்டறையில் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் உப்புப் படியாது என்பதற்காகத் துரு பிடிக்காமல் இருக்குமா? இன்ஜினின் இரும்பு பிளாக், சில வண்டிகளில் அலுமினிய ஹெட், செம்பு ரேடியேட்டர் எல்லாவற்றையும் ஒரே தண்ணீர் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அரிப்பைத் தடுக்க அதில் எதுவும் இல்லை. குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். செம்மண் குழம்பாக ஒட்டினால் ரேடியேட்டரின் கீழ்க் குழாய்கள் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழுகிற ஊர் இது என்பதையும் மறக்கக் கூடாது. உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். வீட்டு ஓரம் நாள்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு அது நல்லதல்ல.

கூலன்ட் ஊற்றினால் கொதிக்காது என்று நம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். இன்ஜின் சூடேறியதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட், பல வண்டிகளில் திறப்பதே 82-ல். இடைவெளி பத்து டிகிரிதான். இதைக் காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடி. 0.9 என்று அழுத்த எண் அச்சடித்த மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் ஊட்டியிலேயே கொதிநிலை 114 வாக்கில் போய் நிற்கும். மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் கலந்தால் கூடுவதோ மூன்று, நாலு டிகிரி. ஆக இந்தப் போட்டியில் கொதிப்பைத் தடுக்கும் பெரிய கை, யாரும் திரும்பிப் பார்க்காத அந்த மூடியுடையது. அதன் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய திரவமும் குன்னூர் மலைப்பாதையின் பர்லியாறிலேயே ஆவியாகும். வண்டி ஆறியபின் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்) உள்ளே ஒட்டிப்போய்க் கிடந்தால் மூடியின் திரும்பு வால்வு வேலை செய்யவில்லை. புது மூடி வாங்கும்போது பழையதில் உள்ள அதே எண்தான் வேண்டும்; கூட எண் போட்டால் கிழட்டு ஹோஸ்தான் கிழியும்.

பச்சையா சிவப்பா? முதலில், நிறத்தை நம்பாதீர்கள். எந்தக் கம்பெனியும் எந்தச் சாயமும் போடலாம். டப்பாவின் பின்பக்கம் என்ன வகை என்று படித்துத்தான் வாங்க வேண்டும். ஈயப் பற்று வைத்த செம்பு, பித்தளை ரேடியேட்டர் உள்ள பழைய ஜீப்புக்கு என் ஓட்டு பழைய பாணிக் கூலன்ட்டுக்கே. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அலுமினிய ரேடியேட்டரோடு வந்த பிந்தைய வண்டிகளுக்கு லாங் லைஃப் பொருந்தும். ஆனால் ஹோஸ் ஒழுகி மாதம் ஒருமுறை தண்ணீர் விட்டு நிரப்பும் வண்டியில் ஐந்து வருடக் கூலன்ட் ஊற்றுவது வீண் செலவு. இரண்டையும் கலக்கவே வேண்டாம். பாதுகாப்புப் போகும், சிலசமயம் கூழாகத் திரண்டு குழாயை அடைக்கும்.

அளவு விஷயத்தில் பாதிக்குப் பாதி நீலகிரிக்குத் தேவையில்லை. அது மைனஸ் 35-க்கும் கீழே தாங்கும் கலவை, நமக்கென்ன லடாக்கா? ஒரு பங்குக்கு இரண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டர் போதும். நேரே ஊற்றும் ரெடிமிக்ஸ் வாங்கியிருந்தால் மட்டும் அதில் தண்ணீர் கலக்காதீர்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இங்கே ஊர் வழக்கம். சமவெளி டாக்ஸிக்கு எப்படியோ, மலைக்கு அது மோசம். ஏறும்போது நன்றாக இருப்பதுபோல் தெரியும். ஊட்டியிலிருந்து செகண்ட் கியரில் இறங்கும்போது சூடு காட்டும் முள் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். குளிர்ந்த இன்ஜின் பெட்ரோலை அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் சேரும், ஆயில் மூடியின் உட்புறம் வெளிர்ப் பசை ஒட்டும். சில இன்ஜின்களில் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றவிடும் பைபாஸ் வழியை அடைப்பதும் அதே வால்வுதான். அதை எடுத்தால் பாதித் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றி, ஏற்றத்தில் இன்னும் சூடேறும். கழற்றியதை வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

செலவைப் பிரித்துச் செய்வதானால் மூடி, ஹோஸ், கிளாம்ப், பெல்ட் முதலில், அப்புறம் தெர்மோஸ்டாட், அதன்பிறகு கூலன்ட். தண்ணீரைச் சுற்றவிடும் பம்பான வாட்டர் பாடியின் அடியில் உள்ள சிறு துளையில் கசிவுத் தடம் தெரிந்தால் சீசனுக்கு முன்பே அந்த பம்பை மாற்றிவிடுங்கள்.

வருடக்கணக்காகத் தண்ணீரில் ஓடிய வண்டிக்குக் கூலன்ட் ஊற்றியதும் "கூலன்ட்டாலதான் ஒழுகுது" என்ற புகார் வரும். துரு அடைத்திருந்த ஓட்டை திறந்துகொண்டது, அவ்வளவே. தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, ஹீட்டர் இருந்தால் அதைத் திறந்துவைத்து ஊற்றி, காற்றை வெளியேற்றிவிடுங்கள்.

தண்ணீர் கட்சிக்கு இன்னொரு மதிப்பெண் தர வேண்டும்: வடித்ததில் கூலன்ட்டின் விஷம் கிடையாது. கிளைக்கால் இனிக்கும், விஷம். நாயோ மாடோ நக்கினால் உயிர் போகும். இங்கே எந்தச் சாக்கடையும் ஏதோ ஓர் ஓடையில்தான் போய் விழுகிறது. வடிக்கும்போதே கேனில் பிடித்து மூடி, பத்திரமாக அப்புறப்படுத்த வசதியுள்ள ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.