ஃபான்ட்ஃபோர்ஜ்: தொனியுள்ள புனைமொழிக்கு எழுத்துரு செய்ய இது போதுமா?

புனைமொழி (கற்பனையாக உருவாக்கும் மொழி) ஒன்றை உருவாக்கி, அதில் ஐந்து தொனிகளை (சொல்லின் பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களை) வைத்து, எழுத்துகளையும் தாளில் வரைந்து முடித்தவருக்கு அடுத்த சிக்கல் அதைக் கணினியில் தட்டுவது. காசு செலவழிக்காமல் இதைச் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற இலவச எழுத்துரு மென்பொருள். ஜார்ஜ் வில்லியம்ஸ் 2000-இல் பிஎஃப்ஏ-எடிட் என்ற பெயரில் தொடங்கியது. 2004-இல் இப்போதைய பெயருக்கு மாறியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தொனிக்குறியை எழுத்தின் தலையில் சரியான இடத்தில் உட்கார வைக்கும் வேலையை இது நன்றாகச் செய்கிறது. மற்ற வேலைகளில் பொறுமையைச் சோதிக்கிறது.

முதலில் இந்த மென்பொருள் தேவைதானா என்று பாருங்கள். அசையின் கடைசியில் மெய்யே வராத, அல்லது சில மெய்கள் மட்டுமே வரும் மொழி என்றால் தொனியை ஒரு சாதாரண எழுத்தாலேயே காட்டிவிடலாம். 1950-களின் தொடக்கத்தில் லாவோசில் மொங் மொழிக்கு உருவான ரோமன் எழுத்துமுறை அப்படித்தான். 'எச்-எம்-ஓ-ஓ-பி' என்று எழுதினால் கடைசி 'பி'யை யாரும் உச்சரிப்பதில்லை. அது உயர்தொனியின் அடையாளம். சீனாவின் சுவாங் மொழிக்கு 1957-இல் தொனிக்கென்றே தனி எழுத்துகள் வகுத்தார்கள். 1982-இல் அவற்றைக் கைவிட்டு இசட், ஜே, எக்ஸ், க்யூ, எச் என்று சாதாரண எழுத்துகளுக்கு வந்துவிட்டார்கள். இந்த வழி போதுமென்றால் எழுத்துருவே செய்ய வேண்டாம். சொந்த வரிவடிவமும் மேலே ஒட்டும் தொனிக்குறியும் வேண்டும் என்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

18 மெய், 6 உயிர், 5 தொனி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சேர்க்கையையும் தனித்தனியாக வரைந்தால் 540 வடிவங்கள். நடுத்தொனிக்குக் குறியே வேண்டாம் என்று விட்டு, மற்றவற்றை ஒட்டுக்குறிகளாகப் பிரித்தால் 18, 6, 4 சேர்ந்து வெறும் 28. இந்த 28-ஐ 540 ஆக விரிய வைப்பவை ஆங்கர் புள்ளிகள், அதாவது குறி எழுத்தில் எங்கே ஒட்ட வேண்டும் என்று காட்டும் புள்ளிகள். ஃபான்ட்ஃபோர்ஜின் பலம் இங்கேதான் இருக்கிறது.

எலிமென்ட் மெனுவில் ஃபான்ட் இன்ஃபோ, அதில் லுக்அப்ஸ், அதில் ஜிபாஸ் (வடிவங்களின் இடத்தைத் தீர்மானிக்கும் பகுதி) தாவல். 'மார்க் டு பேஸ்' (குறியை எழுத்தோடு ஒட்டுவது) வகையில் ஒரு லுக்அப், அதாவது ஒரு விதித்தொகுப்பு, சேர்த்து 'மார்க்' அம்சத்தைக் கொடுங்கள். ஸ்கிரிப்ட் கட்டத்தில் 'டிஎஃப்எல்டி' (எந்த வரிவடிவத்துக்கும் பொதுவானது) கட்டாயம் இருக்க வேண்டும். லத்தீனை மட்டும் போட்டுவிட்டால், சொந்த எழுத்துகளை லத்தீன் என்று கருதாத செயலிகளில் குறி ஒட்டாமல் போகலாம். பிறகு ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய புள்ளிகளுக்குப் பொதுப்பெயராக ஒரு ஆங்கர் வகுப்பு. ஒவ்வொரு மெய்யின் உச்சியிலும் 'பேஸ்' புள்ளி, ஒவ்வொரு குறியின் அடியிலும் 'மார்க்' புள்ளி. குறியின் அகலத்தை 0 ஆக்குங்கள்.

உயிர்க்குறியும் மேலே, தொனிக்குறியும் மேலே என்றால் 'மார்க் டு மார்க்' (குறியின் மேல் குறியை ஒட்டுவது) என்ற இரண்டாவது லுக்அப்பும் வேண்டும். அது இல்லையென்றால் இரண்டு குறிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அப்பிக்கொள்ளும். இதற்குத் தாய்லாந்து எழுத்தைவிட நல்ல பாடம் கிடையாது. மேல் உயிர் இருந்தால் தொனிக்குறி அதற்கும் மேலே ஏறுகிறது. போ பிளா, ஃபோ ஃபா, ஃபோ ஃபன் போன்ற நெட்டை வால் எழுத்துகள் வந்தால் இடப்பக்கம் ஒதுங்குகிறது. எழுத்துக்கு எழுத்து பேஸ் புள்ளியை நகர்த்த முடிவதால் இந்த நுணுக்கம் ஃபான்ட்ஃபோர்ஜில் சில நிமிட வேலை. ஆங்கர் கன்ட்ரோல் பலகத்தில் ஒரு குறியை எல்லா எழுத்துகளின் மேலும் வைத்துப் பார்க்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே இதைப் பரிந்துரைக்கலாம்.

பலரும் மாட்டிக்கொள்ளும் ஒரு பொறி உண்டு. எம் அளவு, அதாவது எழுத்தின் முழு உயரத்தைப் பிரிக்கும் அலகுகள், 1000. மெய்யின் உச்சி 500. உயிர்க்குறியையும் தொனிக்குறியையும் 540-க்கும் 700-க்கும் இடையில் வரைகிறீர்கள். இரண்டும் சேர்ந்து வரும்போது தொனிக்குறி 740-க்கு ஏறி 900 வரை போகிறது. வின் அசென்ட்டை (விண்டோஸ் வரியின் மேல் எல்லையாக எடுத்துக்கொள்ளும் உயரம்) தானாகக் கணக்கிட விட்டால், மென்பொருள் தனித்தனி வடிவங்களின் உயரத்தை மட்டும் பார்த்து 700 என்று எழுதிவிடும். அடுக்கிய உயரம் அதற்குத் தெரியாது. விளைவு, விண்டோஸ் செயலிகள் சிலவற்றில் தொனிக்குறியின் தலை வெட்டுப்படும். ஃபான்ட் இன்ஃபோவின் ஓஎஸ்/2 பகுதியில் மெட்ரிக்ஸ் தாவலுக்குப் போய் 'இஸ் ஆஃப்செட்' குறியை எடுத்துவிட்டு, வின் அசென்ட், எச்ஹெட் அசென்ட் இரண்டிலும் 1000 என்று கையால் போடுங்கள்.

குறிகளின் வடிவத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. 16 பிக்சல் அளவில் ஒரு பிக்சல் என்பது 62.5 அலகு. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 40 அலகு இடைவெளி விட்டால் திரையில் அவை ஒரே புள்ளியாகிவிடும். உயர்தொனியையும் ஏறுதொனியையும் கோட்டின் சாய்வால் மட்டும் வேறுபடுத்துவதும் ஆபத்து. ஒன்று கோடு, இன்னொன்று வளைவு என்று வைப்பதே நல்லது.

எந்த யூனிகோட் இடத்தில் வைப்பது? வழக்கமான பதில், யூனிகோட் எந்த எழுத்துக்கும் ஒதுக்காமல் விட்டிருக்கும், 6,400 இடங்கள் கொண்ட தனிப் பயன்பாட்டுப் பகுதி. மெய்களுக்கு அது சரி, குறிகளுக்குச் சரியில்லை. அங்கிருக்கும் எதையும் கணினி ஒட்டுக்குறியாகக் கருதாது. எழுத்துரு சரியாக ஒட்டினாலும் கர்சர் மெய்க்கும் தொனிக்கும் நடுவில் போய் நிற்கும். மெய்களை மட்டும் அங்கே வைத்து, உயிருக்கும் தொனிக்கும் யூனிகோடில் ஏற்கெனவே உள்ள அக்யூட், கிரேவ் போன்ற ஒட்டுக்குறி இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உருவம் உங்களுடையதாகவே இருக்கலாம். வலமிருந்து இடம் எழுதும் வரிவடிவம் என்றால் இன்னும் தலைவலி: தனிப் பயன்பாட்டுப் பகுதி இயல்பாகவே இடமிருந்து வலம்தான்.

இனி குறைகள். தோற்றம் பழைய லினக்ஸ் காலத்தது. மெனுக்களின் அமைப்பு பழகவே நேரமாகும். லுக்அப் ஒன்றை நீக்கிவிட்டு ஓகே கொடுத்தால் அதன் ஆங்கர்கள் எல்லா எழுத்துகளிலிருந்தும் போய்விடும், திரும்பப் பெற வழியில்லை. சேமிக்கும் எஸ்எஃப்டி கோப்பு வெறும் உரைக்கோப்புதான் என்பதால் கிட் (பழைய பதிப்புகளைக் காத்து வைக்கும் கருவி) என்பதில் போட்டு வைத்தால் தப்பிக்கலாம். மேற்படியும் வடிவங்களை ஒன்றாக்கும் 'ரிமூவ் ஓவர்லேப்', ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் புள்ளிகளைக் கண்டால் தடுமாறி வடிவத்தைக் குலைக்கும். 'ஆட் எக்ஸ்ட்ரீமா' (வளைவுகளின் உச்சிகளில் புள்ளி சேர்ப்பது), 'ரவுண்ட் டு இன்ட்' (புள்ளிகளை முழு எண்ணுக்கு நகர்த்துவது) இரண்டையும் ஓட்டிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகச் செய்வது பாதுகாப்பு. இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து எஸ்விஜியாக இறக்குபவர்கள் அங்கேயே கோடுகளைப் பாதைகளாக மாற்றிவிட வேண்டும்.

ஃபான்ட்ஃபோர்ஜுக்குள் எழுத்துகளைச் சேர்த்துப் பார்க்கும் மெட்ரிக்ஸ் சாளரத்தில் அழகாகத் தெரிந்ததை நம்பி முடிவெடுக்கக் கூடாது. அது ஃபான்ட்ஃபோர்ஜின் சொந்தக் கணக்கு. ஃபயர்பாக்ஸ், குரோம், லிப்ரே ஆபீஸ் ஆகியவை பயன்படுத்துவது ஹார்ஃப்பஸ் என்ற வேறொரு எழுத்தடுக்கு நிரல். ஓடிஎஃப் கோப்பாக எடுத்து அங்கே சோதியுங்கள். ஒவ்வொரு சோதனைப் பதிப்புக்கும் எழுத்துருவின் பெயரை மாற்றாவிட்டால், பழைய பதிப்பே நினைவகத்திலிருந்து வந்து குழப்பும்.

மேக் வைத்திருந்து, காசு செலவழிக்கவும் தயார் என்றால் கிளிஃப்ஸ் என்ற எழுத்துரு மென்பொருளை வாங்குங்கள். இதே ஆங்கர் வேலை அதில் இன்னும் சுலபம். முப்பது நாற்பது வடிவங்களுக்குள் அடங்கும் புனைமொழிக்கு அந்தச் செலவு தேவையில்லை.

விசைப்பலகைக்கு ஃபான்ட்ஃபோர்ஜில் எதுவும் இல்லை. அதற்கு கீமேன் என்ற விசைப்பலகை மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. மெய், உயிர், தொனி என்ற வரிசையை அதில்தான் உறுதிப்படுத்த வேண்டும். மேலே சொன்ன ஒட்டுக்குறிகள் யூனிகோடின் ஒரே வரிசை வகுப்பைச் சேர்ந்தவை என்பதால் அது அவற்றை வரிசை மாற்றித் தராது. ஒருவர் உயிருக்கு முன் தொனியைத் தட்டிவிட்டால் அது வேறு சொல்லாகவே சேமிக்கப்படும், தேடினால் கிடைக்காது. தொனியை அடுத்து உயிர் வந்தால் இரண்டையும் இடம் மாற்று என்று கீமேனில் ஒரு விதி எழுதிவிடுங்கள்.