407-க்கு வாங்கிய யூஜே கிராஸ் கிட்: சாமான் நல்லது, லாக் மட்டம்

கன்னியாகுமரி பக்கம் சின்னமுட்டம் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றுகிற பழைய டாடா 407 லாரி எங்களுடையது. ஐஸ் உருகி வடிகிற உப்புத்தண்ணி எல்லாம் கியர்பாக்ஸிலிருந்து பின் வீலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஷாப்ட் மேல்தான் விழும். அந்த ஷாப்ட் மடங்கிச் சுழல்வதற்கு முனையில் இருக்கும் கூட்டல் குறி வடிவச் சாமான்தான் யூஜே (யுனிவர்சல் ஜாயின்ட்) கிராஸ். மற்ற வண்டிகளில் நன்றாக உழைக்கிற கிராஸ் எங்களிடம் சீக்கிரம் போய்விடும். இந்த முறை கிளட்சை விட்டதும் அடியில் 'டங்' என்று ஒரு சத்தம், மெதுவாகப் போனால் குருவி கத்துகிற மாதிரி கீச் கீச். படுத்துப் பார்த்தால் கிராஸின் முனையில் மூடி மாதிரி மாட்டியிருக்கும் கப் ஓரத்தில் செந்துருப் பொடி. பட்டறையில் இரண்டு நாள் வண்டியை விடச் சொன்னார்கள். மீன் வியாபாரத்தில் இரண்டு நாள் எங்கே இருக்கிறது? சரி, நாமே பார்ப்போம் என்று நானும் மச்சானும் முற்றத்திலேயே கழற்றினோம்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷாப்டைக் கழற்றிவிட்டால் கியரில் போட்டு நிறுத்தியதற்கு அர்த்தமே இல்லை, வண்டி உருளும். எங்கள் முற்றம் லேசான சரிவு, நான்கு வீலுக்கும் கல் வைத்த பிறகுதான் அடியில் போனோம். அப்புறம், ஷாப்டை போல்ட் போட்டுப் பிடிக்கிற தட்டான பிளேஞ்சிலும் ஷாப்ட் சேர்கிற இடத்திலும் வெள்ளை பெயின்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கிராஸைப் பிடிக்கிற கவை மாதிரியான யோக், இரண்டு முனையிலும் ஒரே நேரில் இல்லாவிட்டால், ஒரு கிராஸ் உண்டாக்குகிற வேக ஏற்ற இறக்கத்தை மற்றது சமன் செய்யாது, புதுச் சாமான் போட்டும் வண்டி அதிரும்.

பழைய கிராஸைப் பையில் போட்டுக்கொண்டு நாகர்கோவிலுக்கு பைக்கில் போனேன். கடை அண்ணாச்சி முதலில் கேட்டதே, "பழச கொண்டு வந்தியா மக்கா?" என்றுதான். வெர்னியர் வைத்து கப்பின் விட்டத்தையும் குறுக்கு நீளத்தையும் அளந்துவிட்டுத்தான் பெட்டியை எடுத்தார். ஒன்று 650 ரூபாய், இரண்டு வாங்கினேன். பெட்டி மேல் இருக்கிற பெயரை இங்கே எழுதவில்லை, அதே பெயரில் டூப்ளிகேட்டும் வரும் என்று அண்ணாச்சியே சொன்னார், அதனால் சாமானைப் பார்த்து வாங்குங்கள்.

கிராஸின் நான்கு முனையும் நல்ல வழவழப்பு, ரப்பர் சீல் இறுக்கமாக உட்கார்ந்தது. கப்புக்குள் இருந்த கிரீஸ் பேருக்குத்தான், துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியது போல. கெட்டி கிரீஸை நாமே வைக்க வேண்டும், அதுதான் கப்புக்குள் சுற்றி வரிசையாக நிற்கும் பேரிங் ஊசிகளைச் சுவரோடு பிடித்து நிறுத்தும். இறுக்கிப் பிடிக்கிற வைஸில் சின்ன ஸ்பேனர் சாக்கெட் ஒரு பக்கம், பெரிய சாக்கெட் மறுபக்கம் வைத்து அழுத்தினால் பழைய கப் வெளியே வந்துவிடும். புதுசை ஏற்றும்போது மூன்றாவது கப் பாதியில் நின்றது. கப் வெளியே வராமல் பிடிக்கிற வளையம்தான் லாக், அது உட்காரும் காடி (பள்ளம்) கண்ணுக்கே தெரியவில்லை. மச்சான் சுத்தியலை எடுத்தான், நான் விடவில்லை. கழற்றிப் பார்த்தால் ஒரு ஊசி சாய்ந்து கப்பின் அடியில் படுத்துக் கிடந்தது. அடித்திருந்தால் 650 ரூபாய் அங்கேயே போயிருக்கும்.

கிட்டின் ஒரே குறை லாக். இரண்டாவது கிட்டில் ஒன்று மெலிசாக இருந்தது, காடியில் போட்டால் விரலாலேயே சுற்றலாம். லாக் தெறித்தால் கப் வெளியே வரும், ஓட்டத்தில் ஷாப்ட் கழன்று ரோட்டில் விழும். மறுபடி பைக், மறுபடி நாகர்கோவில். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் நான்கு லாக் எடுத்துத் தந்தார், காசு வாங்கவில்லை. அதற்காகவே அந்தக் கடைக்கு இனியும் போவேன்.

மாட்டிய பிறகு கிராஸ் இறுக்கமாக இருந்தது. யோக்கின் காதில் லேசாக இரண்டு தட்டு தட்டியதும் கப் லாக்கோடு ஒட்டி உட்கார்ந்தது, கிராஸ் கையாலேயே இலகுவாகத் திரும்பியது. கிரீஸ் கன் வைத்து அடித்தபோது நான்கு சீலிலும் கிரீஸ் பிதுங்கியது. போன தடவை வேறெங்கோ மலிவாக வாங்கிய கிராஸில் மூன்றில்தான் வந்தது, நான் கவனிக்காமல் விட்டேன், கழற்றியபோது அந்த நான்காவது கப்பில்தான் ஊசிகள் பொடியாகிக் கிடந்தன.

ஐந்து வாரம் ஆகிறது. ஆரல்வாய்மொழி தாண்டி முழு லோடில் போய் வந்தாயிற்று, டங்கும் இல்லை, குருவியும் இல்லை. வாரம் ஒருமுறை ஷாப்டை நல்ல தண்ணியில் கழுவிவிட்டு கிரீஸ் அடிக்கிறோம். வண்டியில் மூன்றாவது கிராஸ் ஒன்று பாக்கி இருக்கிறது, அதற்கும் இதே கிட்தான் வாங்கி வைத்திருக்கிறேன், லாக் மட்டும் தனியாக.